முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதில் மகனிடமிருந்து வருகிறது. "ராத்திரி தூக்கமே இல்லை சார், சாப்பாடும் இறங்குவதில்லை." அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். "நீ சும்மா இரும்மா, நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேனே." மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. போன முறை எழுதிக்கொடுத்த புது மாத்திரையைப் போட ஆரம்பித்ததிலிருந்து கட்டிலைவிட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா சொல்ல வந்தது டாக்டர் காதுக்குப் போகவே இல்லை.

அந்த மகன் அரை நாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து அழைத்து வந்தவன். பெற்றோரைத் தெருவில் விடும் பிள்ளைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவர்களைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. பாசத்தோடு பார்த்துக்கொண்டே, பெற்றோர் கையில் இன்னும் இருக்க வேண்டியதையெல்லாம் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் பேச்சு, பிறகு சாவி, பிறகு ஏடிஎம் கார்டு, கடைசியில் எந்த ஊரில் இருப்பது என்கிற முடிவு. வாங்கியது எல்லாம் நல்லெண்ணத்தில்தான். வீட்டுச் சண்டைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

டாக்டரிடம் போகும்போது அம்மாவை முதலில் பேச விடுங்கள். சுற்றி வளைத்துத்தான் பேசுவார், பரவாயில்லை. விட்டுப்போனதை நீங்கள் பிறகு சேர்த்துச் சொல்லலாம்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

இருதய டாக்டர் ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர். ஒவ்வொருவரும் எழுதியது ஒரே துணிக்கடைப் பையில் கிடக்கிறது. இரண்டு வேறு பெயரில், இரண்டு வேறு நிற அட்டையில் இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். நாம் சொல்லி வாங்குவது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். அட்டையில் அதோடு மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் இருக்கும், அதைப் படியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நல்ல திட்டம். ஆனால் தனியார் டாக்டர் எழுதியதையும் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் மொத்தப் பையையும் எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. முதியோர் நலத்துக்கென்றே தனி மருத்துவப் பிரிவுகள் இப்போது இருக்கின்றன. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையே திறக்கப்பட்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாவற்றையும் வயதின் தலையில் போடுவது. நேற்றுவரை பேரனின் பள்ளிக்கூட நேரத்தைச் சரியாகச் சொன்ன அப்பா, இன்று காலையில் இது யார் வீடு என்று கேட்கிறார். "வயசாகிவிட்டது, மறதி நோய் வந்துவிட்டது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மறதி நோய் பொதுவாக இப்படி ஒரே இரவில் வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல ஏறுவது. சில மணி நேரத்துக்குள் ஒருவர் மாறிப்போனால் வேறு காரணம் தேட வேண்டும். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாகத் தலைகாட்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவருக்கு, கூடவே பத்தியம் என்று பிள்ளைகள் உப்பை அறவே நிறுத்தியிருந்தால், உடம்பில் சோடியம் இறங்கி மயக்கமும் உளறலும் வரலாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, கிருத்திகை விரதம் என்று மதியம்வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். வாய் ஒரு பக்கம் கோணி, கையோ காலோ தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். எதுவாக இருந்தாலும், திடீர் மாற்றத்தைக் கண்டு "பிடிவாதம்" என்று அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

திட்டினால் மறைப்பார்கள்

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். மருமகள் ஓடி வந்தார், மகன் ஓடி வந்தார். முதலில் வந்த வார்த்தை, "உங்களை யார் தனியாகப் போகச் சொன்னது?" அடுத்த முறை விழுந்தபோது பாட்டி யாரிடமும் சொல்லவில்லை. முழங்கைச் சிராய்ப்பைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டார். இடுப்பு வலி தாங்காமல் போன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

விழுந்ததைச் சொன்னால் நடமாட்டத்தைக் குறைத்துவிடுவார்கள், ஊருக்குப் போகவிடமாட்டார்கள் என்பது முதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் "ஏன் போனாய்?" என்று கேட்காமல், "எப்படி விழுந்தாய், எழுந்ததும் தலை சுற்றியதா, கால் இடறியதா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. படுத்திருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது இந்த வயதில் சகஜம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இடறியது என்றால் கால்மிதியை எடுத்துவிட்டு, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்தி, ராத்திரி வழியில் ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுங்கள். மகனின் பதவி உயர்வுக்கு வாங்கிய பளபளக்கும் டைல்ஸ் வீட்டுக்கு அழகுதான்; ஈரக் காலுக்கு எமன்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ராத்திரி எழுந்து போக வேண்டியிருக்கிறதே, யாரையும் எழுப்ப வேண்டாமே என்று பெரியவர்கள் தாங்களாகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து மலச்சிக்கல், தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று. கேட்டால் "தாகமே இல்லை" என்பார்கள். பகலில் மோர், கஞ்சி, ரசம் என்று ஏதாவது ஒரு வடிவத்தில் உள்ளே போனால் சரி. இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முறை வைத்துப் பார்ப்பது

நம் ஊர்களில் இதைப் பஞ்சாயத்து வைத்தே முடிவு செய்வார்கள். பெரியவன் வீட்டில் ஒரு மாதம், சின்னவன் வீட்டில் ஒரு மாதம். இன்னும் மோசமாக, அப்பா ஒருவன் பங்கு, அம்மா இன்னொருவன் பங்கு. ஐம்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட இருவரை ஆளுக்கொரு ஊரில் பிரித்து வைத்துவிட்டு, "நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை" என்பார்கள். இதை நியாயமான ஏற்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகளுக்கிடையே கணக்கு நேராக இருக்கிறது என்பது உண்மைதான். அம்மாவுக்கோ முப்பது நாளைக்கு ஒரு முறை டாக்டர் மாறுகிறார், படுக்கை மாறுகிறது, எதிர்வீட்டுத் தோழி மாறுகிறார். ராத்திரி எழுந்தால் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுகூட மாறிவிடுகிறது. மறதி தொடங்கியவர்களுக்கு இந்த மாற்றம் மட்டுமே குழப்பத்தை இரண்டு மடங்காக்கப் போதும்.

கூடியமட்டும் அம்மா ஒரே இடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து வந்து போகட்டும். முடியவே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றும் இடைவெளியை மாதத்திலிருந்து ஆறு மாதமாக நீட்டுங்கள். மருத்துவக் கோப்பு ஒன்றே ஒன்று, அம்மாவோடு பயணம் செய்ய வேண்டும். எந்த வீட்டிலும் கட்டிலும் ஒரு அலமாரியும் அவருடையதாக இருக்க வேண்டும். விருந்தினர் வந்தால் முதலில் காலியாகிற இடமாக அது இருக்கக் கூடாது. எந்த ஏற்பாடானாலும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "எனக்கென்னப்பா, நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி" என்றுதான் முதலில் சொல்வார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து, தனியாக இருக்கும்போது மறுபடி கேளுங்கள்.

பணமும் பத்திரமும்

ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கின் கார்டு மகனிடம் இருப்பது தவறில்லை. அம்மாவின் சுருக்குப் பையில் ஒன்றுமே இல்லாமல் போவதுதான் தவறு. பேத்தி ஊரிலிருந்து வந்தால் கையில் நூறு ரூபாய் வைக்க வேண்டும். பூக்காரிக்குக் கொடுக்க வேண்டும். உண்டியலில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மகனிடம் கேட்க வேண்டியிருந்தால் அவர் கேட்பதையே விட்டுவிடுவார். மாதம் பிறந்ததும் ஒரு தொகையைச் சில்லறை நோட்டாக மாற்றி அவர் கையில் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள்.

வீட்டை எழுதி வாங்கும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். உயில் என்றால் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் தான செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் சாதாரணமாகத் திரும்பப் பெற முடியாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், சட்டத்தை முதியவர்களுக்கு அனுகூலமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. எனவே எழுதிக்கொடுப்பதாக இருந்தால் நிபந்தனையும், சாகும்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். இதைப் பெற்றோர் கேட்கக் கூசுவார்கள். "என் மகனை நம்பவில்லையா என்று ஊர் சிரிக்கும்" என்பார்கள். வாங்கிக்கொள்ளும் பிள்ளை தானே முன்வந்து சேர்க்கச் சொல்ல வேண்டும். மற்ற உடன்பிறப்புகளின் வாயையும் அதுவே அடைக்கும்.

ஜீவனாம்சம் கேட்க வேண்டிய நிலை வந்தால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். இந்தச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிட இடமிருக்கிறது. யோசனை கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

பார்த்துக்கொள்கிறவரைப் பார்ப்பது யார்?

அமெரிக்காவிலிருந்து மகள் பத்து நாள் லீவில் வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா ஏன் இப்படி இளைத்துவிட்டார்? அண்ணி, நீங்கள் கவனிப்பதே இல்லையா?" வருடம் முழுவதும் படுக்கை விரிப்பை மாற்றியவரிடம் கேட்கிற கேள்வியா இது? உண்மையிலேயே அக்கறை இருந்தால் அந்தப் பத்து நாளும் அம்மாவின் பொறுப்பு முழுவதையும் தான் ஏற்றுக்கொண்டு, அண்ணியை அவர் தாய் வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது, கேட்ட கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்.

பணம் அனுப்புகிறவர்கள் அதோடு பங்கு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களும் செலவைக் குறித்து வைக்காமல், மனத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கல்யாண வீட்டில் வெடிக்கக் கூடாது. ஒரு நோட்டு போதும். மருமகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு நியாயம்தான்: வேலை அவருடையது என்றால் முடிவெடுக்கிற பேச்சிலும் அவர் இருக்க வேண்டும். அறையில் கேமரா வைத்து வெளிநாட்டிலிருந்து பார்ப்பது இப்போது பழக்கமாகிவருகிறது. கூடத்தில், அவர்கள் சம்மதத்தோடு வைக்கலாம். சேலை மாற்றுகிற அறையில் வைக்கக் கூடாது.

தள்ளிப்போடும் பேச்சு

"எனக்கு ஏதாவது ஆனால் குழாய் எல்லாம் செருகாதீர்கள்" என்று அப்பா ஆரம்பித்ததும், "நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது?" என்று வாயை அடைக்கிறோம். அவர் யோசித்துத்தான் சொல்கிறார். இத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் போதும். எழுதுகிறாரோ இல்லையோ, அவர் சொல்வதை எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லோரும் கூடும்போது அவரே சொல்லட்டும். ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தால், ஐசியூ வாசலில் மற்றவர்கள் அதை நம்பப்போவதில்லை.