எலக்ட்ரிக்காக மாற்றிய பைக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

பழைய பெட்ரோல் பைக்கில் எலக்ட்ரிக் கிட் போட நினைப்பவர்கள் ரேஞ்ச், சார்ஜ் நேரம், பேட்டரி விலை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். இன்சூரன்ஸ் நினைவுக்கு வருவது வேலை முடிந்த பிறகுதான். வெப்சைட்டில் வண்டி நம்பரைப் போட்டால் பழைய பெட்ரோல் மாடல் வந்து நிற்கும், இல்லாவிட்டால் 'விவரம் பொருந்தவில்லை' என்று வரும். கிளைக்குப் போனால், "இந்த மாதிரி வண்டிக்கு நாங்க போடறதில்லை" என்பார்கள்.

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஆர்.சி.யில் ஒரு வண்டி இருக்கிறது, ரோட்டில் வேறு வண்டி ஓடுகிறது. அதைச் சரிசெய்யும் வேலை, கிட் வாங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதலில்: உங்கள் வண்டி எந்த வகை?

மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே, பேட்டரி இல்லாத எடை 60 கிலோவுக்குள் என்றால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் தேவையில்லை, மோட்டார் இன்சூரன்ஸும் தேவையில்லை. ஆனால் பெட்ரோல் பைக்கில் சின்ன மோட்டாரை மாட்டிவிட்டு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. வண்டியின் எடையே 60 கிலோவைத் தாண்டிவிடும்.

ஃபிரேமிலிருந்து எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டிய வண்டி என்றால், அரசு அங்கீகரித்த சோதனை மையத்தின் வகை ஒப்புதல் இல்லாமல் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்டும் பாலிசியும் கிடைக்காது. கீழே சொல்வதெல்லாம் பதிவான வண்டியை எலக்ட்ரிக்காக மாற்றுபவர்களுக்கு.

படி 1: கிட்டின் ஒப்புதல் சான்று

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. அதே பிரிவு, விதிகளுக்கு உட்பட்டு பேட்டரிக்கு மாற்றலாம் என்று விலக்கும் தருகிறது. இதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ்.-123. கிட் தயாரிப்பாளர், புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், ஒரகடத்தின் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையம் ஒன்றில் இந்தச் சான்றை வாங்கியிருக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் பைக்கின் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'அப்ரூவ்டு கிட்' என்று சொல்லி, வேறொரு மாடலுக்கு வாங்கிய சான்றைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆன்லைனில் தனித்தனியாக வாங்கிய ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்), கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரியைச் சேர்த்துப் பொருத்தினால் இந்தச் சான்று எந்தக் காலத்திலும் வராது. அங்கேயே பாதை முடிந்துவிடுகிறது.

படி 2: ஆர்.சி.யை மாற்றுவது

பொருத்துவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பொருத்துநரிடம் வேலையைக் கொடுத்து, பில்லும் பொருத்தியதற்கான சான்றிதழும் வாங்குங்கள். மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் ஆர்.சி. மாறும்.

புது ஆர்.சி. கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். எரிபொருள் 'எலக்ட்ரிக்' என்று இருக்க வேண்டும். இன்ஜின் நம்பர் இருந்த இடத்தில் மோட்டாரின் நம்பர் வந்திருக்க வேண்டும். கிலோவாட் அளவு, கிட் சான்றில் உள்ள அளவாகவே இருக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் 'பீக் பவர்' அல்ல. மோட்டார் நம்பர் வெறும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் மழையிலும் சேற்றிலும் போய்விடும். பொறித்துத் தரச் சொல்லுங்கள். க்ளெய்ம் சமயத்தில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் தேடுவது அதைத்தான்.

படி 3: தேர்ட் பார்ட்டி பாலிசி

உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கான, சட்டப்படி கட்டாயமான பாலிசி இது. இதற்கு வெப்சைட்டை விடுங்கள். அங்கே கம்பெனியின் மாடல் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். 'எலக்ட்ரிக் ஸ்ப்ளெண்டர்' என்று ஒன்று அதில் இருக்காது. வேறு வழியில்லை என்று பெட்ரோல் மாடலைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பாலிசி உடனே வந்துவிடும், ஆனால் அது உங்கள் வண்டிக்கான பாலிசி இல்லை. முக்கிய விவரத்தை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுக்க அது ஒன்றே போதும்.

பொதுத்துறை கம்பெனி ஒன்றின் கிளைக்கு நேரில் போங்கள். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் நான்குக்கும் தமிழ்நாட்டில் கிளைகள் உண்டு. புது ஆர்.சி., கிட் சான்று, பொருத்திய சான்று, பில், பழைய பாலிசி, சேஸிஸ் நம்பரும் மோட்டார் நம்பரும் தெரியும் படங்கள் ஆகியவற்றை ஒரே ஃபைலாகக் கொடுத்து, பாலிசி தரலாமா என்று முடிவு செய்யும் அதிகாரியான அண்டர்ரைட்டரின் பார்வைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய பாலிசிக்கு இன்னும் காலம் இருந்தால் என்டார்ஸ்மென்ட், அதாவது அதே பாலிசியில் விவரங்களைத் திருத்தித் தரும் பதிவு, கேளுங்கள்.

கட்டணத்தையும் சரிபாருங்கள். 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த பட்டியலில் 75 முதல் 150 சிசி வரையிலான பெட்ரோல் பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். எலக்ட்ரிக் என்றால் கணக்கு கிலோவாட்டில்: 3 கிலோவாட் வரை 457 ரூபாய், 3 முதல் 7 வரை 607 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. சிசி கணக்கில் பிரீமியம் போட்டிருந்தால் வண்டியை இன்னும் பெட்ரோலாகவே பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாலிசி கைக்கு வரும் வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். ஒருவர் மீது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும், அடிபட்டவர் குடும்பமும் பணத்துக்காக அலைய நேரும்.

படி 4: சொந்த சேதத்துக்கான கவர்

இதைத் தர மறுக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஒரு கம்பெனியில் தேர்ட் பார்ட்டி எடுத்துவிட்டு, ஓன் டேமேஜை மட்டும் வேறு கம்பெனியில் தனியாகக் கேட்கலாம்.

ஐந்து வருடத்துக்கு மேலான வண்டிக்கு ஐ.டி.வி. (வண்டிக்குப் பாலிசியில் போடும் மதிப்பு) என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் தொகை. கிட்டும் பேட்டரியும் தானாக அதில் சேராது. ஜி.எஸ்.டி. பில்லைக் காட்டி, அந்தத் தொகையைப் பாலிசியில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கமான பாலிசியில் பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெட்ரோல் பைக்கின் சின்ன பேட்டரிக்கு அது பெரிய தொகை இல்லை. உங்கள் வண்டியில் விலை உயர்ந்த பாகமே பேட்டரிதான் என்பதால், வண்டியை ஓட வைக்கும் பேட்டரிக்கும் இதே கழிவா என்று முன்பே கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள்.

தானாகத் தீப்பிடிப்பது வழக்கமான பாலிசியில் அடங்கும். மின்பழுது, இயந்திரப் பழுது அடங்காது. கன்ட்ரோலர் எரிந்துபோனால் கிட் வாரன்டியைத்தான் நம்ப வேண்டும்.

மறுத்தால்

வாய்வார்த்தையாகச் சொல்லும் மறுப்பை ஏற்றுக்கொள்ளாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பல சமயம் ஃபைல் மேலிடத்துக்குப் போகும். நகராவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில், அதன்பின் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார். தொலைபேசி எண் 155255.

அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது லிங்க்கைத் தட்டிப் பணம் கட்டும் முன், எரிபொருள், மோட்டார் நம்பர், கிலோவாட் மூன்றையும் மறுபடி பாருங்கள். சிஸ்டம் பழைய பெட்ரோல் மாடலையே திரும்ப எடுத்து வைத்திருக்கலாம்.