பய்யா கொட்டையை உலரவிடாதீர்கள்

கார்த்திகை பிறக்கும்போது உத்தராகண்டின் குமாவோன் மலையில் ஆப்பிள் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பய்யா இளஞ்சிவப்பாகப் பூக்கும். இமயமலையின் காட்டுச் செர்ரி இது. தாவரவியல் பெயர் புரூனஸ் செரசாய்டஸ். நவம்பரில் ஷில்லாங் நகரம் விழா எடுப்பதும் இந்தப் பூவுக்குத்தான். அல்மோராவுக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு தேன்பெட்டிகள் உண்டு. குளிர் இறுகுவதற்குள் என் தேனீக்களுக்கு வயிறார இரை கிடைப்பது இந்த மரத்தில்தான். நான் இதை வளர்க்கத் தொடங்கியதே அவற்றுக்காக.

முதல் ஆண்டு கொட்டைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, டப்பாவில் போட்டு, அடுத்த வசந்தத்தில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆமாதான் (இங்கே பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்) திருத்தினார்: "பறவை காயவைத்தா விதைக்கிறது?"

ஏப்ரல், மே மாதங்களில் பழம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். பறவைகள் முந்திக்கொள்ளும், அதனால் தினமும் மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். நன்கு பழுத்ததை மட்டும் எடுங்கள். ஒரே மரத்தில் எடுக்காமல் நான்கைந்து மரங்களில் பொறுக்குவது நல்லது. சதையை மணலோடு சேர்த்துப் பிசைந்து, தண்ணீரில் அலசுங்கள். மிதக்கும் கொட்டைகள் பெரும்பாலும் பொக்கு, கழித்துவிடலாம். உள்ளே இருக்கும் கசப்புப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. குழந்தைகள் உடன் இருந்தால் அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலசிய ஈரம் உலர்வதற்குள், இலைமட்கும் மணலும் கலந்த பாத்தியில் விரல் நுனி ஆழத்துக்குப் புதையுங்கள். எலி தோண்டாதபடி மேலே கம்பிவலை போட வேண்டும். எனக்குச் சில கொட்டைகள் மழைக்காலத்திலேயே முளைத்தன. மற்றவை ஒரு குளிர்காலம் மண்ணில் கிடந்த பிறகுதான் தலைகாட்டின. பாத்தியை அவசரப்பட்டுக் கொத்திவிடாதீர்கள்.

கன்று முழங்கால் உயரம் வந்ததும் ஜூலை மழையில் நடலாம். வெயில் நன்றாக விழும் சரிவான இடமே இதற்குப் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். என் நான்கு கன்றுகள் அப்படித்தான் போயின. வேரடியில் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டி வேண்டாம். ஆடுகளுக்கு எட்டாதபடி சுற்றிலும் முள்வேலியும் தேவை.

கவாத்து செய்யக் கை துறுதுறுக்கும். காய்ந்த கிளையை மட்டும், மழையில்லாத நாளில் வெட்டுங்கள். பெரிய காயத்திலிருந்து பிசின் வடியும், நோயும் நுழையும். இங்கே திருமணப் பந்தலுக்குப் பய்யாக் கிளை வேண்டும் என்பதால் ஊரார் வந்து கேட்பார்கள். வளர்ந்த மரத்திலிருந்து சிறு கிளையாக ஒடித்துக் கொடுப்பேன். இளங்கன்றில் கைவைக்க யாரையும் விடமாட்டேன்.

நட்டதில் ஒன்று நான்காம் ஆண்டு பூத்தது, மொத்தம் பதினொரு கொத்து. எண்ணி முடிப்பதற்குள் தேனீக்கள் வந்துவிட்டன.