ஈயக் குண்டா, செப்பு உறையா? மான் வேட்டையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மிச்சிகனில் எங்கள் சுடுதளத்துக்கு ஒரு தம்பி வந்தார். .30-30 தோட்டா போடும் லீவர் துப்பாக்கி, டப்பா நிறைய வீட்டில் வார்த்த ஈயக் குண்டுகள். "நகத்தால் கீறினாலும் கோடு விழாது அண்ணா, அவ்வளவு கெட்டி" என்றார் பெருமையாக. எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. உருக்கும் சட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கெட்டியாக இருந்தால் நல்லது என்று நம்புவது

இது எப்படித் தொடங்கும் தெரியுமா? பத்து ரவுண்டு சுட்டதும் குழலுக்குள் ஈயம் அப்பியிருக்கும். 'ஈயம் மெத்து, அதான் ஒட்டுகிறது' என்று அடுத்த முறை இன்னும் கெட்டியாக வார்ப்போம். பெரும்பாலும் குற்றவாளி அளவுதான். .30-30 போன்ற முப்பது காலிபர் குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளத்தின் விட்டம் .308 அங்குலம். செப்பு உறைக் குண்டுக்கு, அதாவது ஈயத்தின் மேல் செப்பு போர்த்திய கடைக் குண்டுக்கு, அதே அளவு போதும். ஈயக் குண்டு .309 அல்லது .310 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும்.

நான் அளந்து பார்க்கவில்லை. பழைய அச்சகத்து லைனோடைப் உலோகத்தைத் தேடி வாங்கினேன். நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். பிரினெல் அளவில் சுத்த ஈயத்தின் கடினம் 5 என்றால் இதற்கு 22. காகிதத்தில் ஓட்டைகள் கொத்தாக விழுந்தன. அதோடு திருப்தி.

நவம்பர் 15, சீசனின் முதல் நாள். எழுபது கஜத்தில் ஒரு வெள்ளைவால் மான், பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால் சரியாகத்தான் சுட்டேன். ஓடிவிட்டது. கொஞ்சம் முடி, நாலு சொட்டு ரத்தம். பனியும் விழவில்லை, தடம் பார்க்க. இருட்டும்வரை தேவதாரு சதுப்பில் தேடினேன். மறுநாள் காலையில் கிடைத்தது, கயோட்டிகள் (ஓநாய் போன்ற காட்டு விலங்குகள்) தின்ற மிச்சம். குண்டு விரியவே இல்லை. பென்சில் துளை போல உள்ளே போய் வெளியே வந்திருந்தது. எலும்பில் பட்டிருந்தால் அதே குண்டு நொறுங்கியிருக்கும், ஏனென்றால் லைனோடைப் கெட்டி மட்டுமல்ல, உடையவும் செய்யும். ஒரு உயிர் வீணாகப் போனது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

செப்பு உறைக் குண்டில் முனையில் தெரியும் ஈயம் வேகத்தில் விரிந்துகொள்ளும். வார்த்த குண்டு மெதுவாகப் போவது, அந்த வேகத்தை நம்ப முடியாது. அதனால் உலோகம் மெத்தென்று இருக்க வேண்டும், முனை அகலத் தட்டையாக இருக்க வேண்டும். நான் இப்போது பழைய கார்ச் சக்கர எடைக்கட்டியும் மெத்து ஈயமும் பாதிக்குப் பாதி கலக்கிறேன். சூடான வாயு அரிக்காமலிருக்கக் குண்டின் அடியில் ஒரு சின்னச் செப்புக் கிண்ணம். நூறு கஜத்துக்கு மேல் சுடுவதில்லை.

முப்பது காலிபர் எல்லாம் ஒன்றே என்பது

இதைவிட வேகமான .30-06 தோட்டாவின் வேகத்துக்குச் செய்த செப்பு உறைக் குண்டை .30-30இல் போட்டால் அதுவும் விரியாமல் போகலாம். உறை போட்டிருப்பதாலேயே வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம்.

குழாய் மேகசினில் உலோகக் கூர்முனை

லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயில் இது கூடாது. முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியிலிருக்கும் தீமூட்டும் மூடியில்) முட்டிக்கொண்டிருக்கும், அதிர்வில் வெடித்துவிடலாம்.

ஒரே சைட்டில் இரண்டும்

ஈயத்துக்கும் செப்பு உறைக்கும் இடையே குண்டை மாற்றினால் சைட்டை (குறிபார்க்கும் கருவியை) மறுபடி சரிபாருங்கள்.

சட்டத்தைப் பார்க்காதது

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே முடியாது. செப்பு உறைக்குள் இருப்பதும் ஈயம்தான், அப்புறம் வாதாடிப் பயனில்லை.

அந்தத் தம்பியின் குண்டு ஒன்றை வாங்கி என் மைக்ரோமீட்டரில் வைத்தேன். .308. குழலுக்குள் எட்டிப் பார்த்தால் ஈயம் பளபளவென்று அப்பியிருந்தது. "சரி அண்ணா, இந்த நவம்பருக்குக் கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்கிறேன்" என்றார். முதல் சீசனுக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.