பழைய ஆறு சக்கர நீர்நில வண்டியை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960களிலும் 70களிலும் வட அமெரிக்காவில் ஆறு சக்கர நீர்நில வண்டிகளுக்குப் பெரிய மவுசு இருந்தது. முதலில் கனடாவில் ஜிகர் வந்தது. 1967இல் ஒன்டாரியோவின் நியூ ஹாம்பர்க்கில் ஆர்கோ பிறந்தது. அமெரிக்காவில் ஆம்ஃபிகேட், அட்டெக்ஸ், மேக்ஸ் என்று வரிசையாக வந்தன. சேற்றிலும் பனியிலும் உருண்டு போகும். ஏரி குறுக்கிட்டால் அப்படியே இறங்கி மிதக்கும். முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். இவற்றில் பல இன்னும் பண்ணைக் கொட்டகைகளில் கிடக்கின்றன, விற்பனைக்கும் வருகின்றன. அழகான, அசாத்தியமான வண்டிகள், காப்பாற்றப்பட வேண்டியவை. ஆனால் வாங்குவோரில் பலர் தவறான இடத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தவறான இடம் எஞ்சின். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் உறுமினால் பேரம் படிந்துவிடுகிறது. உண்மையில் இந்த வண்டியில் எளிதாக மாற்றக்கூடியது எஞ்சின்தான். வண்டியை மிதக்கவைக்கும் அடித்தொட்டியும் கியர்பாக்ஸும் அப்படியல்ல. ஆகவே எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, இருக்கையையும் தரைத் தகட்டையும் கழற்ற அனுமதி கேளுங்கள். டார்ச் அடித்துத் தொட்டியின் உட்சுவரைப் பாருங்கள். எந்த உயரம் வரை மழைநீர் தேங்கி நின்றது என்பதைத் துருக்கறை ஒரு கோடாகக் காட்டும். கோடு அச்சுகளுக்கு மேலே இருந்தால் பேரிங்குகளும் செயின்களும் தண்ணீரில் ஊறிக் கிடந்தன என்று பொருள். இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் உள்ளே அரித்திருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் வடிய அடியில் இருக்கும் திருகைக் கழற்றி வைக்காமல் வெளியில் நிறுத்திய வண்டிக்கு நேரும் கதி இது.

அடுத்த தவறு, எல்லா உடலையும் ஃபைபர்கிளாஸ் என்று நினைத்து ஒட்டுவது. சில வண்டிகளின் உடல் ஃபைபர்கிளாஸ். பலவற்றின் உடல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். வேறு சிலவற்றில் பாலிஎதிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக். பாலிஎதிலீன்மேல் எப்பாக்ஸியோ ரெசினோ நிலைக்காது. இன்று ஒட்டியதுபோல் தெரியும். வண்டி ஒருமுறை குலுங்கினால் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். அதை அதே பிளாஸ்டிக் கம்பியைக் கொண்டு வெப்பக் காற்றில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். ஏபிஎஸ் அப்படியல்ல. அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, விரிசலின் உட்பக்கம் பட்டையும் வைத்துப் பூசினால் ஓரளவு ஒன்றாகவே இறுகும். எது எது என்று அறிய, கண்ணில் படாத உள்விளிம்பில் சிறு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎதிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். அசிட்டோன் தொட்டால் ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பாலிஎதிலீன் அசையாது. அசிட்டோன் வேலையைத் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். விரிசலின் நுனியில் சிறு துளை போட்ட பிறகே ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் ஒட்டுக்கு அப்பால் விரிசல் தொடர்ந்து ஓடும். வெயிலில் கிடந்து நொறுங்கும் நிலைக்கு வந்த ஏபிஎஸ்ஸை எதுவும் காப்பாற்றாது. அதைக் கண்டால் விலகிவிடலாம்.

வண்டியைக் கட்டைகள்மேல் ஏற்றிச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தாமல் வாங்காதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பிறகு எஞ்சினை ஓட்டி, முன்னும் பின்னும் கியர் போட்டு, வண்டியைத் திருப்பும் இரு நெம்புகோல்களையும் தனித்தனியே இழுங்கள். அந்தந்தப் பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அட்டெக்ஸ், மேக்ஸ் வண்டிகளில் வரும் டி-20 கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தால், எஞ்சினே இல்லாத வண்டியையும் நான் வாங்கச் சொல்வேன்.

செயினில் கஞ்சத்தனம் காட்டுவோர் பலர். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், புதுச் செயினைப் போட்டால் புதுச் செயினும் சீக்கிரமே தேயும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். 50ஆம் எண் செயின் என்றால் ஒரு கண்ணியின் நீளம் 15.875 மில்லிமீட்டர், 16 கண்ணிகள் 254 மில்லிமீட்டர் வர வேண்டும். இழுத்துப் பிடித்து அளந்தால் 261ஐத் தாண்டுகிறதா? ஆயுள் முடிந்துவிட்டது.

டயருக்கும் இதில் பங்குண்டு. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களும் செயினால் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. நடுவில் ஒரு புது டயர், இரு பக்கமும் தேய்ந்த டயர் என்றால் சுற்றளவு மாறி, ஒன்றையொன்று இழுத்துச் செயினையும் அச்சையும் தின்னும். ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். காற்று பெரும்பாலும் 2 அல்லது 3 பிஎஸ்ஐதான். கார் டயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் வெடிக்கலாம். சிறு அழுத்தத்துக்கான அளவுமானி தனியாக வாங்குங்கள். தண்ணீரில் வண்டியைத் தள்ளுவதும் இந்த டயர்களின் பட்டைகளே. டயர் விலையைக் கேட்டுவிட்டு வண்டிக்குப் பேரம் பேசுங்கள். ஆறு டயருக்கு வண்டியின் விலையையே கொடுக்க நேரலாம்.

எஞ்சினைப் பற்றி இரண்டே செய்திகள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நெடுநாள் நின்றதில் கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் சீல்கள் காய்ந்திருந்தாலும் அதே கதி. இரண்டாவது, பெரிய எஞ்சின் பொருத்தும் ஆசை. கூடும் எடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி தண்ணீரில் தாழும். அலை உள்ளே ஏறும்.

முதல் மிதப்பு காற்றில்லாத நாளில், ஆழமற்ற குளத்தில், கரையோடு கயிறு கட்டி நடக்கட்டும். ஆற்றில் இறக்க வேண்டாம்: தண்ணீரில் இதன் வேகம் நடைவேகம்தான், சாதாரண நீரோட்டமே இழுத்துப் போய்விடும். உயிர்காப்பு உடை அணியுங்கள், உள்ளே புகும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பு ஓடுகிறதா என்று முன்பே பாருங்கள், அடித்திருகை மாட்டிவிட்டீர்களா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் மிதந்தபின் கரையேறித் தரைத் தகட்டைத் திறந்தால், அச்சுச் சீல்களில் எது கசிகிறது என்று தெரிந்துவிடும்.