மார்கழிக் காலையில் டேப்பட் அடிக்கிறதா? எந்த ஆயில் ஊற்றுவது

மார்கழி, தை மாதங்களில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் விடியற்காலையில் வெப்பம் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். வால்பாறை, தாளவாடி, பர்கூர் மலைகளில் இன்னும் குறையும். ஊட்டிக்கு ஏறினால் புல்மேல் உறைபனியே கிடக்கும். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் சில வண்டிகளில் வால்வு கவருக்குள்ளிருந்து தையல் மெஷின் ஓடுவதுபோல டிக் டிக் என்று சத்தம் வரும். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஆயிலு தண்ணியாட்டம் ஆயிருச்சுங்ணா, கெட்டியா ஒண்ணு ஊத்தீரலாமுங்." குளிரில் மட்டும் வந்து, சூடேறியதும் போய்விடும் சத்தத்துக்கு இது நேர்மாறான வைத்தியம்.

டேப்பட் அடிக்கிறது என்று சொல்லும் இந்தச் சத்தம் பல வண்டிகளில் ஹைட்ராலிக் லிஃப்டரிலிருந்து வருகிறது. அது, வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே அடைத்துக்கொள்ளும் சின்ன உருளை. உள்ளே ஒரு பிளஞ்சர் (மேலும் கீழும் நகரும் தண்டு), ஸ்பிரிங், ஆயிலைத் திரும்ப விடாத ஒரு குண்டு வால்வு. பிளஞ்சருக்கும் சுவருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். இரவு வண்டி நிற்கும்போது, எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ அந்த லிஃப்டரை வால்வு ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் ஆயில் மெல்லக் கசிந்து இறங்கிவிடும். காலையில் பம்ப் அதை மறுபடி நிரப்பும்வரை கேம் தட்டும் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று நொடியில் அடங்கினால் அது நோயே இல்லை, விட்டுவிடலாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று இழுத்தால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் முதலிய வண்டிகளில் வந்த 1.3 டீசல் இன்ஜினிலும், போலோ, வென்டோவின் டீசல் இன்ஜின்களிலும் அது உண்டு. ஹோண்டா சிட்டி பெட்ரோலில் திருகு வைத்து இடைவெளி சரிசெய்வார்கள். பழைய இன்னோவா 2.5 டீசலில் ஷிம் என்னும் மெல்லிய தகடு, டஸ்டரின் 1.5 டீசலில் தானே சரிசெய்துகொள்ளாத கெட்டி டேப்பட். இவற்றில் ஆயிலை மாற்றி மாற்றி ஊற்றினாலும் சத்தம் போகாது. இன்ஜின் ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மேனுவல் சொல்லும் அளவுக்கு இடைவெளி வைப்பதுதான் வழி. பைக்குகளும் பெரும்பாலும் இந்த வகைதான். காருக்கு வாங்கியதில் மீந்துபோன ஆயிலைப் பைக்கில் ஊற்றுவது தனிப் பாவம்: கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும், பைக்குக்கு டின்மேல் ஜாசோ எம்ஏ என்ற தரக் குறி போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது காது. ஒரு வால்வு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவைதான் திறக்கும். 800 ஆர்பிஎம்மில் ஒரு லிஃப்டர் அடித்தால் நொடிக்கு ஆறேழு தட்டு வரும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவர் போல்ட்மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுவதால் சட்டைக் கையும் தாவணியும் கவனம். சத்தம் இன்ஜெக்டர்மேல் கூர்மையாகக் கேட்டால் அது இன்ஜெக்டரின் இயல்பான தட்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் கேஸ்கட் கசிகிறது. அதுவும் குளிரில் டிக்கடித்து, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும் என்பதால் பலரையும் ஏமாற்றும். ஆழத்திலிருந்து மத்தளம்போலக் கனத்த சத்தம் வந்தால் பிஸ்டன். லோடு கொடுக்கும்போது கீழே சேம்பர் (ஆயில் தொட்டி) பக்கம் பலமாக இடித்தால் பேரிங். அதற்கு ஆயில் தேட வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள். காமன் ரெயில் என்னும் உயர் அழுத்த டீசல் இன்ஜினில் "ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பா லூஸ் பண்ணிப் பாக்கலாமுங்" என்று யாராவது வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

லிஃப்டர்தான் என்று தெரிந்ததும் உடனே ஆயில் கடைக்குப் போக வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு குறிகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால் மலை வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சும். காற்று லிஃப்டருக்குள் போனால் பஞ்சுபோல அமுங்கி, சத்தம் வரும். மேல்குறியைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் இதே கதிதான்: கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். "கொஞ்சம் சேத்து ஊத்துனா நல்லது" என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிய வண்டியில், மிச்சத்தை வடித்ததுமே சத்தம் நின்றுபோகலாம்.

பிறகு ஃபில்டர். படுத்தவாக்கிலோ தலைகீழாகவோ மாட்டும் ஃபில்டரில், அணைத்த பிறகு ஆயில் வடிந்துபோகாமல் பிடிக்க ஒரு ரப்பர் வால்வு உண்டு. மட்டமான ஃபில்டரில் அந்த ரப்பர் சில மாதத்திலேயே விறைத்துவிடும். இரவெல்லாம் ஃபில்டர் காலியாகி, காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பி, அப்புறம்தான் லிஃப்டர் இருக்கும் இன்ஜின் தலைக்கு (சிலிண்டர் ஹெட்) ஏறும். அந்தத் தாமதம்தான் உங்கள் அரை நிமிடச் சத்தம். எந்த ஆயில் வாங்கினாலும் ஃபில்டரில் மட்டும் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி ஆயில். டின்மேல் 5டபிள்யூ-30 என்றிருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு லேசாக ஓடும் என்பது; பின்னால் உள்ளது 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதித் தப்பு நடக்கிறது. 20டபிள்யூ-50ஐயும் 5டபிள்யூ-30ஐயும் பக்கத்தில் வைத்தால், இன்ஜின் சூட்டில் முன்னது ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் கெட்டி. அதே இரண்டும் 15 டிகிரியில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். ஒன்று விளக்கெண்ணெய் மாதிரி இழுக்கும், மற்றது கடலை எண்ணெயை நினைவூட்டும். லிஃப்டரின் மைக்ரான் இடைவெளிக்கும் ஊசித் துளைக்கும் காலையில் எது சீக்கிரம் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக 0டபிள்யூதான் வேண்டும் என்று விலை கொடுத்து ஓடவும் தேவையில்லை. அந்த முன் எண்ணுக்கான சோதனைகள் நம் ஊர் பார்க்காத குளிரில் நடப்பவை: 20டபிள்யூவுக்குச் செல்ஃப் சுற்றும் சோதனை மைனஸ் 15 டிகிரியில், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. காங்கயத்துத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் டப்பாவுக்குள் உறைவதுபோல எந்த இன்ஜின் ஆயிலும் இங்கே உறையப்போவதில்லை. மெதுவாகப் போகும், அவ்வளவுதான். 15டபிள்யூ அல்லது 20டபிள்யூ ஓடிக்கொண்டிருந்தால், மேனுவல் அனுமதிக்கும் பட்சத்தில் 5டபிள்யூக்கு இறங்குவதே போதும்.

பின் எண்ணில் கை வைக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். மேனுவலில் 30 என்றிருந்தால் 30. காலையில் மட்டும் அடித்து, சூடேறியதும் அடங்குகிற வண்டிக்கு 40, 50 என்று ஏற்றுவதால் லாபமில்லை. மாறாக, காலையில் அமைதியாக இருந்து, சேலம் வரை ஓட்டிச் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போது டிக்கடிக்கிற பழைய இன்ஜினில் கதை வேறு: தேய்ந்த லிஃப்டரிலும் பேரிங்கிலும் சூடான ஆயில் சீக்கிரம் கசிகிறது. அதற்கு 5டபிள்யூ-30லிருந்து 5டபிள்யூ-40க்குப் போகலாம், மேனுவலின் வெப்பநிலை அட்டவணையில் அந்த கிரேடு இருந்தால். முன் எண் அப்படியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பட்டறைக்காரர் சொல்லும் கெட்டி ஆயில் வைத்தியத்தில் உண்மை இருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

தரக் குறியையும் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. லாரிக்கு வாங்கி வைத்த சிஐ-4 ஆயிலை அதில் ஊற்றினால், எரிந்த சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் லிஃப்டர் செலவு ஒன்றுமே இல்லை. மேனுவலில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்றிருந்தால் அதே குறி டின்னிலும் இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி. பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். சீல் உடையாத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். அழுக்கு ஆயிலோடு சேர்ந்து இறங்கும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். திருகு ஃபில்டர் என்றால் கேஸ்கட்டில் புது ஆயில் தடவி, கேஸ்கட் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் லைட் அணைந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு அளவு பார்த்து நிரப்புங்கள். அப்புறம் நன்றாகச் சூடேறியதும் 2,000–2,500 ஆர்பிஎம்மில் மூன்று நான்கு நிமிடம் வைத்து, அரை நிமிடம் ஐடிலில் விட்டு, மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் லிஃப்டரில் மாட்டிய காற்று வெளியேறும்.

சத்தம் குறைந்து, ஆனால் முழுதாகப் போகவில்லை என்றால் பிளஞ்சரில் வார்னிஷ் (ஆயில் கெட்டுப் பிசினாகப் படிவது) ஒட்டியிருக்கலாம். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடி, இன்ஜின் சூடேறாமலே காலம் தள்ளும் வண்டிகளில் இது சகஜம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது, டீசல் கலந்து ஓட்டுவது இரண்டும் வேண்டாம்: பேரிங்கில் ஆயில் படலம் அறுந்துபோகும், பெயர்ந்த கசடு சேம்பரிலுள்ள சல்லடையை அடைக்கும். நல்ல சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, முதல் தடவை 3,000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றுங்கள். இப்படி இரண்டு முறை செய்து பார்க்கலாம்.

அதற்கும் அடங்காத லிஃப்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் புது லிஃப்டரும் அடிக்கும். புது லிஃப்டர் போட்டதும் அரை மணி நேரமாவது செல்ஃப் அடிக்கக் கூடாது. நிரம்பி நீண்டிருக்கும் லிஃப்டர் அமுங்கி உட்காரும் முன் சுற்றினால், வால்வு முழுதாக மூடாமல் பிஸ்டனில் இடிக்கும்.