சிலோன் சொந்தக்காரங்க "ஜனாதிபதிக்கு யாருக்குப் போடறது"ன்னு கேட்டா என்ன சொல்லலாம்

2024 செப்டம்பர்ல இலங்கை மலையகத்து மஸ்கெலியால இருந்து அத்தை மகன் வாட்ஸ்அப்ல கூப்பிட்டான். மச்சான், 38 பேர் நிக்கிறானுங்க, ஓட்டுச்சீட்டே ரெண்டடிக்கு மேல நீளமாம், வீட்டுல ஆளுக்கொரு பேர் சொல்லி ஒரே சண்டை, நீயாச்சும் சொல்லுன்னான். நான் இங்க நீலகிரி கொளப்பள்ளில உக்காந்துகிட்டு என்னத்த சொல்ல, எனக்கு அங்க ஓட்டே இல்லயே. யாருன்னு சொல்லமாட்டேன்டா, எப்படி பாக்கறதுன்னு வேணா சொல்றேன்னேன். அன்னிக்கி பேசினத தான் இங்க எழுதறேன், பந்தலூர் சேரம்பாடி கோத்தகிரி பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம்) லைன்ல பாதி வீட்டுக்கு அந்தப்பக்கம் சொந்தம் இருக்கு, 2029ல அடுத்த தேர்தல் வரப்போ உங்களுக்கும் இதே போன் வரும்.

மொதல்ல வேட்பாளர் பேரு, சின்னம் எல்லாத்தையும் தள்ளி வைங்க. உங்க வீட்டுக்கு என்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அத்தை வீட்டுல எழுதினது சம்பளம், லயத்த (தோட்டத்து வரிசை வீடு) விட்டு சொந்த வீடு, அதுக்குக் காணி (நிலம்), சின்னவளுக்கு டீச்சர் வேலை. அவ்ளோதான். இப்போ ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இத செய்யற அதிகாரம் யார் கையில இருக்குன்னு எழுதணும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறது. சம்பளத்தையே எடுத்துக்கோங்க. தோட்டத்து நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தோடது, ஆனா 1992ல இருந்து நடத்தறது கம்பெனிங்க. சம்பளம் கம்பெனி பாக்கெட்ல இருந்து வரணும். 1000 ரூபா 1000 ரூபான்னு வருஷக்கணக்கா மேடைல பேசி 2021ல தான் கைக்கு வந்துச்சு, 2024ல 1700ன்னு கெசட் போட்டாங்க, கம்பெனிங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி தடை வாங்கிட்டாங்க. பறிச்ச கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் போடறது வேற தனிக்கதை. அதனால ஒருத்தர் மேடைல ஏறி 2000 தரேன்னு சொன்னா கைதட்டறதுக்கு முன்னாடி கம்பெனிய எப்படி ஒத்துக்க வைப்பீங்கன்னு கேளுங்க, அதுக்கு பதில் அவரோட தேர்தல் விஞ்ஞாபனத்துல (தேர்தல் அறிக்கை) இருக்கான்னு பாருங்க. காணி அப்படி இல்ல, நிலம் அரசாங்கத்து கையில இருக்கறதால ஜனாதிபதி மனசு வச்சா நடக்கும். அப்போ சம்பள வாக்குறுதிய விட காணி வாக்குறுதிக்கு கொஞ்சம் கூட மார்க் போடலாம்னு நான் சொன்னேன், அத்தை ஒத்துக்கல, எனக்கு அடுத்த மாசம் சம்பளம் தான் முக்கியம்னு சொல்லிடுச்சு. அதுவும் சரிதான், ஓட்டு அவங்களோடது.

அடுத்தது தொழிற்சங்கம். தோட்டத்துல சங்கம் சொல்ற ஆளுக்குப் போடற பழக்கம் நம்ம தாத்தா காலத்துல இருந்து இருக்கு. ஆனா 2024ல இலங்கை தொழிலாளர் காங்கிரஸ் அப்போ ஜனாதிபதியா இருந்த ரணிலுக்குன்னு சொன்னாங்க, தமிழ் முற்போக்குக் கூட்டணி எதிர்க்கட்சித் தலைவர் சஜித்துக்குன்னு சொன்னாங்க, வடக்கு கிழக்குல இருந்து அரியநேத்திரன் தமிழ்ப் பொதுவேட்பாளரா நின்னாரு. ஒரே லயத்துல மூணு பேச்சு. சங்கம் சொல்றத கேக்க வேணாம்னு சொல்லல, ஏன் இவருக்குன்னு தலைவர்கிட்ட காரணம் கேளுங்க, காணிக்கோ சம்பளத்துக்கோ எழுத்துல ஏதாச்சும் வாங்கியிருக்காங்களான்னு கேளுங்க. பதில் இல்லாம நம்ம ஆளு நம்ம ஆளுன்னு மட்டும் சொன்னா நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

பாராளுமன்றத்துல வேட்பாளர் கட்சிக்கு எத்தனை சீட்டு, ஜெயிச்சாலும் ஒத்த ஆளா என்ன பண்ணுவாருன்னு ஒரு கேள்வி வரும். நானும் அப்படித்தான் நெனச்சேன். அனுரகுமார திசாநாயக்க நிக்கும்போது அவங்க கிட்ட 3 சீட்டு தான், ஜெயிச்சதும் பாராளுமன்றத்த கலைச்சாரு, நவம்பர்ல 159 வந்துச்சு. அதனால இந்த விஷயத்துல என் பேச்ச கேக்காதீங்க.

இப்போ முக்கியமான இடம். அங்க ஜனாதிபதி ஓட்டுச்சீட்டுல மூணு பேர் வரைக்கும் 1, 2, 3ன்னு விருப்பம் போடலாம். புள்ளடி (பெருக்கல் குறி) மட்டும் போட்டா அந்த ஒருத்தருக்கு மட்டும் ஓட்டு. ரெண்டையும் கலக்காதீங்க, எண் போட்டா எண்ணாவே போடுங்க. யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா மொத ரெண்டு பேர மட்டும் வச்சிட்டு மத்தவங்களுக்கு விழுந்த சீட்ட எடுத்து, அதுல இந்த ரெண்டு பேருக்கு 2 இல்லாட்டி 3 இருந்தா அவங்க கணக்குல சேப்பாங்க. 1982ல இருந்து ஜனாதிபதி தேர்தல் நடக்குது, ரெண்டாவது எண்ணிக்கை வரைக்கும் போனது 2024ல தான் மொத தடவ. அனுர மொத சுத்துல 42 சதவீதம் சொச்சம், சஜித் 32 சொச்சம், நடுவுல இருந்த வித்தியாசம் 12 லட்சத்து 70 ஆயிரம் சுமாரு. மீதி ஆளுங்களுக்கு விழுந்த ஓட்டு 33 லட்சத்துக்கு மேல. அதுல இருந்து இந்த ரெண்டு பேருக்கும் வந்து சேந்தது மூணு லட்சம் கூட தேறல. நல்லா யோசிச்சுப் பாருங்க, 30 லட்சம் சீட்டு கடைசி முடிவுல வாயே தொறக்கல. முடிவு மாறியிருக்கும்னு நான் சொல்ல வரல, ஆனா பேசறதுக்கு சட்டம் இடம் குடுத்திருக்கு, பேசாம வந்துட்டாங்க.

அதனால என் வழி இதுதான். 1 உங்க மனசுக்குப் புடிச்சவருக்கு, ஜெயிக்க மாட்டாருன்னு தெரிஞ்சாலும் பரவால்ல. 2, 3 போடும்போது கடைசில ரெண்டு பேர் தான் மிஞ்சுவாங்கன்னு வச்சுக்கிட்டு, அந்த ரெண்டு பேருல யாரு வந்தா நம்ம வீட்டுக்கு கொஞ்சமாச்சும் தேவலன்னு பாத்து அவருக்கு ஒரு எண் போட்டுடுங்க. ரெண்டுமே ஆகாதுன்னா விட்டுடலாம், அதுவும் தெரிஞ்சு விடணும்.

ஓட்டு போட்டு என்ன ஆகப்போகுதுன்னு மச்சான் கேட்டான், கொழும்புல கடைல நிக்கிறான், ஓட்டுக்கு ஒரு நாள் ஊருக்கு வந்தா சம்பளம் போகும். நான் அப்பாயி கதைய சொன்னேன். 1947 தேர்தல்ல தோட்டத்து மக்கள் ஓட்டுல இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல இருந்து ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனாங்க. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, அப்புறம் ஓட்டும் போச்சு. ஓட்டு இல்லாதவங்கள யார் கேப்பாங்க? 1964ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க சிறிமாவும் சாஸ்திரியும் உக்காந்து அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க, மீதி ஒன்றரை லட்சத்த பத்து வருஷம் கழிச்சு ஆளுக்குப் பாதியா பங்கு போட்டாங்க. அப்பாயி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க வந்து சேந்துச்சு, அத்தை அங்கயே நின்னுடுச்சு. கடைசில மிஞ்சி இருந்தவங்களுக்கு அங்க குடியுரிமை முழுசா கிடைக்க 2003 சட்டம் வர வேண்டியிருந்துச்சு. 2005 ஜனாதிபதி தேர்தல்ல வடக்குல புலிகள் ஓட்டு போட விடாம பண்ணினாங்க, மஹிந்த ஜெயிச்சது 1,80,000 சொச்சம் ஓட்டுல. போகாத ஓட்டும் கணக்குல ஏறத்தான் செய்யுது. இதெல்லாம் கேட்டுட்டு மச்சான், சரி சரி பஸ் ஏறறேன், விடுன்னான்.

இங்க இருக்கற நம்மாளுங்க கேப்பாங்க, நாம ஏன் ஜனாதிபதிக்கு ஓட்டு போடறதில்லன்னு. நம்ம சார்பா எம்எல்ஏவும் எம்பியும் போடறாங்க. தமிழ்நாட்டு எம்எல்ஏ ஓட்டுக்கு மதிப்பு 176, 1971 ஜனத்தொகைய வச்சு போட்ட கணக்கு. ஊட்டி, கூடலூர், குன்னூர் மூணும் சேந்தா 528. எம்பி ஓட்டு 2022ல 700. அவங்களும் 1, 2ன்னு விருப்பம் தான் எழுதறாங்க, கொறடா உத்தரவு செல்லாது, ரகசிய ஓட்டு. 2026ல சட்டசபைக்குப் போற ஆளுங்க தான் 2027ல ஜனாதிபதிக்குப் போடுவாங்க. அதனால கூடலூர்ல எம்எல்ஏவ தேர்ந்தெடுக்கும்போது பட்டா, செக்‌ஷன் 17 நிலச் சிக்கல், யானை, டேன்டீ லைன் வீடு இதோட சேத்து இந்த ஓட்டையும் இவர் கையில குடுக்கறோம்னு நெனச்சுக்கோங்க. வேட்பாளர் மேல என்ன கேஸ், சொத்து எவ்ளோங்கறது பிரமாணப் பத்திரத்துல இருக்கு, தேர்தல் கமிஷன் வெப்சைட்லயே பாக்கலாம், போன்ல அஞ்சு நிமிஷ வேலை, சேரம்பாடில டவர் கிடைச்சா.

ஒண்ணு மறந்துட்டேன், வீட்டுல பெரியவங்க இருந்தா எண் போட்டுப் பழக்குங்க. அத்தை எல்லா தேர்தல்லயும் புள்ளடி மட்டும் தான் போட்டிருக்கு. மச்சான் காலண்டர் பின்பக்கம் பத்து கட்டம் போட்டுக் குடுத்தான், மூணு நாள் ராத்திரி எழுதிப் பழகுச்சு. யாருக்கு 1, யாருக்கு 2ன்னு இன்னிக்கி வரைக்கும் எங்க யார்கிட்டயும் சொல்லல.