புடாபெஸ்ட் இரவு: ஆற்றில் தொடங்கி ஆறில் முடிப்பது எப்படி

புடாபெஸ்ட் போனால் இரவில் எங்கே போவது என்று யாரைக் கேட்டாலும் "ருயின் பார்" (இடிந்த பழைய கட்டடத்தில் நடத்தும் பார்) என்று ஒரே பதில்தான் வரும். அதைக் கேட்டுக்கொண்டு முதல் நாள் இரவு 11 மணிக்குக் கசின்சி தெருவில் போய் நின்றேன், அதுதான் நான் செய்த முதல் தப்பு. தெரு முழுக்கக் கூட்டம், வாசலில் வரிசை, கல்யாணத்துக்கு முன் கூத்தடிக்க ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு வந்த மாப்பிள்ளைத் தோழர் கும்பல் ஒன்று எனக்கு முன்னால், இன்னொன்று பின்னால். உள்ளே போன பிறகு பார்க்க வந்த கட்டடத்தில் ஒரு சுவர்கூடக் கண்ணில் படவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. மறுநாள் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு அதே இடத்துக்குப் போனால் வேறு உலகம். அதனால் இங்கே சொல்லப் போவது ஒரு வரிசை. முதலில் டான்யூப் ஆறு, அப்புறம் பார், கடைசியில் டிராம். வரிசை மாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் பாதி ஊரைப் பார்க்காமலே திரும்புவீர்கள்.

போகும் முன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஹங்கேரிய மொழியில் தனி 'எஸ்' எழுத்தை 'ஷ்' என்பார்கள், பக்கத்தில் 'இசட்' சேர்ந்தால்தான் அது 'ஸ்' ஆகும். எனவே அந்த ஊர்க்காரர் வாயில் இது 'புதபெஷ்ட்'. புடா மேற்குக் கரை, மேடு. பெஷ்ட் கிழக்குக் கரை, சமதளம். இரண்டையும் வடக்கே இருந்த ஓபுடாவையும் 1873இல் சேர்த்துத்தான் ஒரே நகரமாக்கினார்கள். இது தெரிந்தால் வழி தப்பாது: கொண்டாட்டமெல்லாம் பெஷ்ட் பக்கம், அதைத் தள்ளி நின்று பார்க்கும் இடமெல்லாம் புடா பக்கம்.

இருட்டுவதற்கு அரை மணி முன்பே எம்2 மெட்ரோவில் ஏறி பத்யானி சதுக்கத்தில் இறங்குங்கள். மேலே வந்து ஆற்றோரம் நின்றால் நேர் எதிர்க்கரையில் நாடாளுமன்றம். 96 மீட்டர் உயரக் கோபுரம், இரு பக்கமும் ஊசி ஊசியாய்க் கூரைகள். விளக்கு ஒரேயடியாக எரியாது. கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறி, கடைசியில் கட்டடம் முழுக்கத் தண்ணீரில் தலைகீழாக இறங்கிவிடும். படகில் போனால்தான் அழகு என்று டிக்கெட் விற்பவர்கள் மொய்ப்பார்கள். ஏறலாம், தப்பில்லை, ஆனால் கரையில் சும்மா நிற்பதற்குக் காசு கிடையாது, காட்சியும் இதேதான். நள்ளிரவு வாக்கில் இந்த அலங்கார விளக்குகளை அணைத்துவிடுவார்கள், "பாருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்களுக்குக் கிடைப்பது இருட்டு.

பிறகு பெஷ்ட் கரைக்கு வந்து 2ஆம் எண் டிராமில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஆற்றை ஒட்டியே ஓடும் வண்டி, சங்கிலிப் பாலம் (1849), எதிரே குன்றின் மேல் அரண்மனை எல்லாம் சாதாரண டிக்கெட்டிலேயே வந்துவிடும். நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே கரை விளிம்பில் 60 ஜோடி இரும்புக் காலணிகள் வரிசையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் யூதர்களைக் காலணியைக் கழற்றச் சொல்லி, ஆற்றங்கரையில் நிறுத்திச் சுட்டுத் தள்ளியதன் நினைவு, 2005இல் வைத்தது. கொண்டாட்டத்துக்குக் கிளம்பிய இரவில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அடுத்துப் போகப் போகும் பார்களின் கதையும் இதோடுதான் சேர்ந்தது.

பார்கள் இருப்பது ஏழாவது மாவட்டத்தில், பழைய யூதக் குடியிருப்பில். 1944 இறுதியில் இங்கேதான் வேலி கட்டி மக்களை அடைத்தார்கள், 1945 ஜனவரியில் சோவியத் படை வரும்வரை. பக்கத்தில் தொஹானி தெருவில் இருப்பது ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத ஆலயம், அதன் வளாகத்துக்குள்ளேயே 2,000க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். போருக்குப் பின் இந்தத் தெருக்களைக் கவனிக்க ஆளில்லை, கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் பராமரிப்பு இல்லாமல் வீடுகள் காரை உதிர்ந்து கிடந்தன. 2000க்குப் பிறகு, இடிக்கக் காத்திருந்த இந்தக் கட்டடங்களில் குறைந்த வாடகைக்குப் புகுந்து, தெருவில் தூக்கிப் போட்ட நாற்காலிகளைப் பொறுக்கிப் போட்டு பீர் விற்க ஆரம்பித்தார்கள் சில இளைஞர்கள். அதுதான் 'ரொம்கோச்மா', அதாவது இடிபாட்டுச் சாராயக்கடை. அலங்காரத்துக்காகச் செய்த கிழிசல் இல்லை இது, நிஜமாகவே இடிந்தது.

முதலில் போக வேண்டியது கசின்சி தெரு 14ஆம் எண், சிம்ப்ளா கெர்ட். 2002இல் வேறிடத்தில் தொடங்கி, 2004இல் இந்தப் பழைய அடுப்புத் தொழிற்சாலைக்கு வந்தது. ஆற்றுப் பக்கம் போகாத இன்னொரு நாள், நான் சொன்ன அஞ்சரை மணிக் கணக்கில் போனால் நடு முற்றத்தில் நிற்கும் பழைய டிராபண்ட் காருக்குள் உட்கார இடம் கிடைக்கும். குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் வெட்டி சோபா ஆக்கியிருப்பார்கள், மாடியில் அறைக்கு அறை வேறு வேறு கூத்து. ஒன்றோடொன்று சேராத விளக்குகள், வேலை செய்யாத டிவிகள், சுவர் முழுக்க வந்தவர் போனவர் கிறுக்கல். நான் உட்கார்ந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது நாலாய் மடித்த ஒரு பீர் அட்டை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ராத்திரி 11 மணிக்கு இப்படி ஒரு ஆளைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. கூட்டமே வேண்டாம் என்றால் ஞாயிறு காலை போங்கள், அதே முற்றத்தில் விவசாயிகள் சந்தை நடக்கும்.

அங்கிருந்து நடந்தே மற்றதெல்லாம். டோப் தெருவுக்கும் கிராய் தெருவுக்கும் நடுவே முற்றம் முற்றமாகப் போகும் கோஷ்டு சந்து வழியாக நடந்து பாருங்கள், உட்கார வேண்டாம், விலை அதிகம், மெனு கார்டை நீட்டிக்கொண்டே கூட வருவார்கள். ஆடத்தான் வந்தோம் என்பவர்களுக்கு ஆகாட்ஸ்ஃபா தெருவில் இன்ஸ்டன்ட்-ஃபோகாஷ், பல கிளப்புகளை ஒரே கட்டடத்தில் அடைத்த தேன்கூடு. நண்பர்கள் பிரிந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம், சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். பாட்டு கேட்க என்றால் என் ஓட்டு ஏ38 கப்பலுக்கு. உக்ரைனில் கல் சுமந்த சரக்குக் கப்பலை வாங்கி வந்து, பெட்டேஃபி பாலத்துக்குப் பக்கத்தில் புடா கரையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள், சரக்கறைதான் இப்போது கச்சேரி அரங்கம். கிளம்பும் முன் அன்றைக்கு என்ன நிகழ்ச்சி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன குடிப்பது? முதல் கோப்பையாக 'ஃப்ரெச்' கேளுங்கள். வைனில் சோடா ஊற்றிய சங்கதி, கோடைக்கு இதைவிட இதமானது இல்லை. அளவுக்கு அளவு பேர் உண்டு: ஒரு பங்கு வைன், ஒரு பங்கு சோடா என்றால் சின்ன ஃப்ரெச், இரண்டு பங்கு வைன், ஒரு பங்கு சோடா என்றால் பெரிய ஃப்ரெச், திருப்பிப் போட்டால், அதாவது ஒன்றுக்கு இரண்டு சோடா என்றால், 'நீண்ட காலடி' என்ற பொருளில் ஹோசூலேபேஷ். இரவு நீளப் போகிறது என்றால் இந்த மூன்றாவதிலேயே நில்லுங்கள். பாலிங்கா என்பது பழத்தில் வடிக்கும் சாராயம், வாசனை அந்தப் பழம் மாதிரி இருக்கும், இறங்கும்போது தீ. உருண்டைக் கருப்புப் பாட்டிலில் வரும் உனிகும் மூலிகைச் சரக்கு, கஷாயம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அவ்வளவு அதிர்ச்சி தராது. குடிக்காதவர்கள் கூச்சப்படவே வேண்டாம், எந்த பாரிலும் புதினா, எலுமிச்சை மிதக்கப் பெரிய குவளையில் லிமோனாடே கிடைக்கும், அதில் போட்ஸா என்ற பூவின் பாகு சேர்த்தது இன்னும் நன்றாக இருக்கும்.

பீர் கோப்பையை மட்டும் 'டங்'கென்று மோதாதீர்கள். 1849இல் ஹங்கேரியப் புரட்சித் தளபதிகள் 13 பேருக்கு அராட் நகரில் மரண தண்டனை நிறைவேற்றியபோது ஆஸ்திரியர்கள் பீர் கோப்பையை மோதிக் கொண்டாடினார்கள் என்றும், அதனால் 150 வருடம் நாம் மோதுவதில்லை என்று சபதம் போட்டார்கள் என்றும் ஒரு கதை. கெடு 1999லேயே முடிந்துவிட்டது, ஆனாலும் நிறையப் பேர் இன்னும் மோதுவதில்லை. வைன், பாலிங்கா என்றால் தாராளமாக மோதலாம், எதிராளியின் கண்ணைப் பார்த்து.

இப்போது காசு. ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோ கிடையாது, ஃபோரின்ட்தான். நோட்டுகள் 500இல் தொடங்கி 20,000 வரை, மங்கலான வெளிச்சத்தில் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம், எண்ணிக் கொடுங்கள். யூரோ வாங்கிக்கொள்ளும் பார்களும் உண்டு, ஆனால் விகிதத்தை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பணம் எடுக்க வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மைத் தேடுங்கள், தெருமுனையில் தனியாக நிற்கும் இயந்திரம் வேண்டாம். எதுவானாலும் "உங்கள் ஊர்ப் பணத்தில் கழிக்கட்டுமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதத்தில்தான் ஆளைக் கவிழ்ப்பார்கள்.

பில்லில் 'செர்விஸ்தீய்' என்று ஒரு வரி இருந்தால் சேவைக் கட்டணம் சேர்ந்துவிட்டது, தனியாக டிப்ஸ் தேவையில்லை. இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 6,400 ஃபோரின்ட் பில்லுக்குப் பத்தாயிரம் நோட்டை நீட்டி, அன்று காலையில்தான் கற்றுக்கொண்ட 'கெஸெனெம்' (நன்றி) என்ற சொல்லைப் பெருமையாகச் சொன்னேன். பரிமாறியவர் முகமெல்லாம் மலர்ந்து, கும்பிடாத குறையாகப் போனார், போனவர் போனவர்தான். அந்த ஊரில் காசைக் கொடுக்கும்போதே நன்றி சொன்னால் மீதியை நீயே வைத்துக்கொள் என்று அர்த்தம். மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள்.

தனியாகப் போகும் ஆண்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். வாட்ஸி தெரு பக்கம் இரண்டு இளம் பெண்கள் வழி கேட்பார்கள், பேச்சு வளரும், "பக்கத்தில் ஒரு பார் தெரியும், வாங்களேன்" என்பார்கள். உள்ளே போனால் நாலு கோப்பைக்குத் தலை சுற்றும் பில், வாசலில் இரண்டு தடியர்கள், ஏடிஎம் வரை கூடவே வருவார்கள். இது பல வருடப் பழைய வித்தை, இன்னும் ஆள் விழுகிறது. விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் உட்காராதீர்கள், பாரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். அவசரம் என்றால் 112. டாக்சி வேண்டுமென்றால் ஆப்பில் கூப்பிடுங்கள். சட்டப்படியான டாக்சி எல்லாம் மஞ்சள், கட்டண விகிதமும் ஒன்றுதான், கிளப் வாசலில் "டாக்சி டாக்சி" என்று கூப்பிடுகிறவரிடம் ஏற வேண்டாம். கோப்பையோடு தெருவுக்கு வருவதும் கூடாது, உள்நகரின் பெரும்பாலான பகுதிகளில் பொது இடத்தில் குடித்தால் அபராதம்.

தங்குமிடம்: பார்களுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தால் வசதி என்று தோன்றும், எடுக்காதீர்கள், தூங்க முடியாது. அங்கேயே வாழ்பவர்களை நினைத்துப் பாருங்கள். பார்களை நள்ளிரவில் மூட வேண்டும் என்று அந்த மாவட்டத்தில் 2018இல் வாக்கெடுப்பே நடந்தது, போதிய ஆட்கள் வாக்களிக்காததால் செல்லாமல் போனது. கதவைத் தாண்டி வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்துங்கள், மேலே ஜன்னலுக்குப் பின்னால் யாரோ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்கள். நாஜ்கெருட் என்ற பெரிய வட்டச் சாலையை ஒட்டி, ஆனால் ஏழாவது மாவட்டத்துக்கு வெளியே எடுத்தால் சரியாக இருக்கும், காரணம் கடைசியில் வருகிறது.

வெள்ளி அல்லது சனி இரவாக இருந்து, ஆட்டம் பாட்டம் அலுத்துவிட்டால் ருதாஷ் வெந்நீர்க் குளியலகம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் கட்டிய எண்கோணக் குளம், மேலே குவிமாடம், அதில் சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடித் துளைகள். வார இறுதி இரவுகளில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், நேரத்தை மட்டும் அன்றைக்குச் சரிபாருங்கள். நீச்சலுடை, செருப்பு, துண்டு மூன்றும் பையில் இருக்கட்டும். கூரை மேல் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு, கழுத்துவரை அமிழ்ந்து டான்யூப் பாலங்களைப் பார்க்கலாம். ஆனால் குடித்துவிட்டு வெந்நீரில் இறங்காதீர்கள், மயக்கம் வரும். பாரா, குளமா, ஒரு இரவுக்கு ஒன்று.

திரும்பும் நேரம். மெட்ரோ நள்ளிரவு வாக்கில் அடங்கிவிடும். பயப்பட வேண்டாம், நாஜ்கெருட் சாலையில் ஆறாம் எண் டிராம் விடிய விடிய ஓடும். 54 மீட்டர் நீள மஞ்சள் வண்டி, நடுவில் கதவே இல்லாமல் முன்னிருந்து பின் வரை நடக்கலாம். 900க்கு மேல் எண் போட்ட பேருந்துகள் எல்லாம் இரவுப் பேருந்துகள். 24 மணி அல்லது 72 மணி பாஸ் எடுத்துவிட்டால் இவை எல்லாவற்றிலும் செல்லும். ஒற்றைச் சீட்டு என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்துவிடாதீர்கள், "தெரியாது" என்றால் பரிசோதகர் விடமாட்டார். மூன்று மணிக்கு ஏறினால் பாதி வண்டி தூங்கும், பாதி பாடும், நடுவே வேலைக்குப் போகிறவர் ஒருவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது பக்கத்தில் இருந்தவர் 'சியா' என்பார். வரும்போதும் அதுதான் சொல்வார்கள், போகும்போதும் அதுதான். நீங்களும் 'சியா' சொல்லிவிட்டு இறங்குங்கள்.